யுவான் சுவாங் கிளம்பினார், கிளம்பினார், கிளம்பிக்கொண்டே இருந்தார்

சீனாவை விட்டுக் கிளம்ப யுவான் சுவாங்குக்கு ஒரு பஞ்சம் போதுமானதாக இருந்தது.

தாங் பேரரசர் தாய்சோங் எல்லையை இழுத்துப் பூட்டிவைத்திருந்த காலம். இந்தியாவுக்குப் போய்ப் பௌத்தம் படிக்க வேண்டும் என்று மனு மேல் மனுவாகப் போட்டுப் பார்த்தார். அரசாங்கம் அசையவில்லை. கூட மனுப் போட்ட சகாக்கள் எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். 629 வாக்கில் (627 என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு) உறைபனியில் பயிர் கருகிப்போக, சோறு கிடைக்கிற ஊராகப் பார்த்து ஜனங்கள் போய்க்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இவரும் நழுவினார். சோறு கிடைக்கிற ஊர் என்று அவர் மனசில் வைத்திருந்தது நாளந்தா என்பது அதிகாரிகளுக்குத் தெரியாது. எல்லையோரத்தில் கைது உத்தரவு துரத்திப் பிடித்தது. அங்கிருந்த அதிகாரி புத்தர்மேல் பக்தி உள்ளவர். உத்தரவை இவர் கண்ணெதிரிலேயே கிழித்துப்போட்டுவிட்டு, சுவாமி சீக்கிரம் இடத்தைக் காலி செய்யட்டும் என்றார். அவ்வளவுதான். சொல்லாமல் கிளம்புகிறவனுக்கு எல்லாம் சுலபம்.

சொல்லிக்கொண்டு கிளம்புவதில்தான் சிக்கல். அதை அவர் இந்தியாவில் கற்றுக்கொண்டார்.

இனிமேல் வருவதெல்லாம் பெரும்பாலும் அவருடைய சீடர் ஹுவேலி எழுதத் தொடங்கிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. சம்பவங்கள் அங்கிருந்து எடுத்தவை, பேச்சுநடை மட்டும் என் கைச்சரக்கு. குருவைப் பற்றிச் சீடர் எழுதியது. ஆகவே யானை எண்ணிக்கை வரும் இடங்களில் வாசகர்கள் தாராளமாகத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

அனுப்பிவைக்கத் தெரியாத முதல் ஆசாமி வழியிலேயே மாட்டினார். துர்பான் பக்கம் காவ்சாங் என்று ஒரு சிற்றரசு. அதன் அரசருக்கு இவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. "இங்கேயே இருந்துவிடும். மாட்டேன் என்றால் சீனாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்." யுவான் சுவாங் உட்கார்ந்தார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. நாலாம் நாள் அரசர் மன்னிப்புக் கேட்டு, இவரைத் தம்பியாக வரித்துக்கொண்டு, போக அனுமதித்தார். ஒரு நிபந்தனை: திரும்பும்போது இதே வழியாக வந்து மூன்று வருடம் தங்க வேண்டும். சரி என்றார். உடனே 30 குதிரை, 25 ஆள், தங்கம், வெள்ளிக்காசு, பட்டு, வழிநெடுக உள்ள ராஜாக்களுக்கு 24 சிபாரிசுக் கடிதம். 20 வருடத்துக்குக் காணும் செலவுப்பணமாம். வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு அலைகிற இன்றைய பிள்ளைகள் உண்ணாவிரதத்தையும் யோசித்துப் பார்க்கலாம்.

நாளந்தாவுக்கு 637 வாக்கில் வந்து சேர்ந்தார். தலைமை ஆசிரியர் சீலபத்திரர், நூறு வயதைத் தாண்டியவர் என்கிறார்கள். பையனைப் பார்த்ததும் அழுதுவிட்டார். காரணம் இருந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக அவருக்குக் கைகால் மூட்டுகளில் தீராத வலி. சோறு தண்ணீரை விட்டு உயிரைப் போக்கிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்திருந்தபோது மூன்று போதிசத்துவர்கள் கனவில் வந்து, "பொறும், சீனாவிலிருந்து ஒருவர் படிக்க வருகிறார், அவருக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டும்" என்று தடுத்துவிட்டார்களாம். ஓய்வுபெறப் போனவருக்கு மேலிடத்திலிருந்து பணி நீட்டிப்பு. அவரும் சளைக்கவில்லை. யோகாசார சாஸ்திரம் ஒன்றை மட்டும் 15 மாதம் நடத்தினார்.

விடுதி வசதியைச் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் இதை விட்டுவிட்டு ஒருவன் ஊருக்குப் போக நினைத்தான் என்பதுதான் கதை. தினம் 20 பாக்கு, 20 ஜாதிக்காய், ஒரு பலத்துக்குக் கிட்டத்தட்டப் பச்சைக் கற்பூரம், மகாசாலி அரிசி ஒரு படி. அந்த அரிசி கறுப்பு மொச்சையைவிடப் பெரிதாக இருக்குமாம். மகதத்தில் மட்டும் விளையும். ராஜாவுக்கும் பெரிய பண்டிதர்களுக்கும் மட்டும் படியளப்பார்கள். இவை போக இன்னொன்று, எண்ணி 120. வெற்றிலை என்கிறார் ஒரு மொழிபெயர்ப்பாளர், எலுமிச்சை வகைப் பழம் என்கிறார் இன்னொருவர். எதுவானாலும் ஒரு நாளைக்கு 120 கொஞ்சம் அதிகம். நெய்யும் எண்ணெயும் தனி. மடத்து வேலைகளிலிருந்து விலக்கு. வெளியே போனால் யானை. பாடப்புத்தகப் படத்தில் முதுகில் மூங்கில் கூடையைச் சுமந்துகொண்டு நடப்பாரே, அந்த மனிதர்தான்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சீலபத்திரரின் குரு தர்மபாலர் காஞ்சிபுரத்துப் பையன், மந்திரி மகன். ராஜா தன் பெண்ணை அவருக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்தார். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளை புத்தர் சிலைமுன் உருகி வேண்ட, ஒரு தேவதை அவரைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கோ ஒரு மலைமேல் விகாரையில் இறக்கிவிட்டது. விடிந்ததும் கதவைத் திறந்த பிக்கு, ஆளைப் பார்த்துத் திருடன் என்று பிடித்துக்கொண்டார். இதை எழுதி வைத்தது யுவான் சுவாங்தான். சொல்லாமல் கிளம்புவது அந்தக் குருபரம்பரையிலேயே இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிக்கே வந்தார். மூன்று நாள் கப்பலில் போனால் இலங்கை, அங்கேயும் கொஞ்சம் படிக்கலாம் என்று திட்டம். எதிரே இலங்கையிலிருந்து பிக்குகள் கூட்டமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ராஜா செத்துப்போனார், ஊரில் பஞ்சம், எங்களுக்கே வழியில்லை என்றார்கள். வந்தவர்களையாவது விட்டாரா என்றால் இல்லை. யோகாசாரத்தில் சந்தேகம் கேட்டு மடக்கிப் பார்த்தார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் இவர்களிடம் ஒன்றும் இல்லை என்று குறித்துக்கொண்டு நடையைக் கட்டினார். பஞ்சத்தில் கடல் தாண்டி வந்தவனிடம் வாய்மொழித் தேர்வு!

சுற்றிவிட்டு நாளந்தா திரும்பி, சேர்த்த சுவடிகளையும் சிலைகளையும் கட்டிவைத்துவிட்டு, ஊருக்குப் போகிறேன் என்றார். விடுதியே திரண்டு வந்தது.

"ஓய், சீனா மிலேச்ச நாடு. புத்தர் அங்கே பிறக்கவில்லை, ஏன் தெரியுமா? அங்கே ஆட்களுக்கு மனசு குறுகல். குளிர் வேறு. ஞானி எவனாவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறானா?"

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். பிரிய மனமில்லாதவர்கள் போகிற ஊரைத் திட்டுவது உலக வழக்கம். ஆனால் வந்தவருக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் சட்டம் உண்டு, ராஜா பெரியவர், பிள்ளைகள் பெற்றவர்களை மதிப்பார்கள், வானத்தை அளக்கக் கருவி வைத்திருக்கிறோம், புத்தர் வராவிட்டால் கேவலமா என்று பொரிந்து தள்ளினார். அனுமதி இல்லாமல் ஓடிவந்த நாட்டை இவ்வளவு உருக்கமாக ஆதரித்துப் பேசியவர் வேறு யாரும் இருக்க முடியாது. சூரியன் ஏன் பூமியைச் சுற்றிவருகிறது, இருட்டான இடத்தில் வெளிச்சம் போடத்தானே என்று கடைசியில் சாஸ்திரத்திலிருந்தே ஒன்றை எடுத்துவிட, வழக்கு சீலபத்திரரிடம் போயிற்று. கிழவர், "என்னப்பா முடிவு?" என்றார். படித்ததை ஊரில் மொழிபெயர்த்துச் சொல்லத்தான் வந்தேன், அதுதான் உங்களுக்கு நான் செய்யும் கைம்மாறு என்றார் இவர். "மூட்டை கட்டட்டும், யாரும் தடுக்காதீர்கள்" என்று தீர்ப்பாயிற்று.

எல்லாரும் இவரைப் பிடித்து இழுத்தபோது, விட்டுவிடச் சொன்னவர் அந்த ஒருவர்தான். இத்தனைக்கும் போதிசத்துவர்கள் சொன்ன வேலை முடிந்துவிட்டது, வலியோடு மிச்சமிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் அவரே.

மூட்டையும் கட்டியாயிற்று. அதற்குச் சற்று முன்னால் வஜ்ரர் என்ற திகம்பரத் துறவி இவர் அறைக்கு வந்திருந்தார், ஜோசியத்தில் கெட்டிக்காரர். யுவான் சுவாங் சும்மா இருக்காமல், இருக்கலாமா போகலாமா, ஆயுசு எவ்வளவு என்று கேட்டுவைத்தார். துறவி தரையில் வெள்ளைக் கல்லால் கட்டம் போட்டார். இருந்தால் உத்தமம், போனாலும் பாதகமில்லை. ஆயுசு இன்னும் பத்து வருடம். புண்ணியபலத்தால் நீண்டால் அது என் கணக்கில் வராது. (இவர் 664 வரை, அதாவது சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாக வாழ்ந்தார். தொழில் தெரிந்த ஜோசியர் என்பதற்கு அந்தப் பின்குறிப்பே சாட்சி.) மூட்டைகளை எப்படிக் கொண்டுபோவது? "கவலையை விடும். காமரூபத்து ராஜாவும் ஹர்ஷரும் ஆள் அனுப்புவார்கள்." இரண்டு பேரையும் பார்த்ததே இல்லையே என்றார் யுவான் சுவாங். "காமரூபத்து ஆள் ஏற்கெனவே கிளம்பிவிட்டான்."

வந்துவிட்டான். காமரூபம் என்றால் இன்றைய அஸ்ஸாம் பக்கம், ராஜா பாஸ்கரவர்மன். சீனத்துத் துறவியைப் பார்க்க வேண்டும், அனுப்பிவையுங்கள். சீலபத்திரருக்குத் தர்மசங்கடம். ஒரு வாதத்துக்காக இவரை அனுப்புவதாக வட இந்தியச் சக்கரவர்த்தி ஹர்ஷருக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், நேரமில்லை என்று பதில் போட்டார். இரண்டாவது கடிதம்: போகட்டும், போகிறவழியில் வந்துவிட்டுப் போகட்டும். (நாளந்தாவிலிருந்து சீனாவுக்கு இவர் போக நினைத்தது வடமேற்கே, அஸ்ஸாம் கிழக்கே. பூகோளம் ராஜாக்களுக்குக் கட்டுப்படும்போல.) மறுபடி மறுப்பு. மூன்றாவது கடிதத்தில் மரியாதை தீர்ந்துபோயிற்று. நான் சாதாரண ஆள், இவர் பேரைக் கேட்டபிறகுதான் எனக்குத் தர்மத்தில் நாட்டமே பிறந்தது, அதையும் கெடுக்கிறீரே. சசாங்கன் என்ற ராஜா போதிமரத்தை வெட்டினானே, எனக்குப் படை இல்லை என்று நினைப்பா. யானைகளைக் கொண்டுவந்து நாளந்தாவை மிதித்துத் தூளாக்குகிறேன் பாரும். தர்மத்தில் நாட்டம் என்று ஆரம்பித்துப் பல்கலைக்கழகத்தை இடிப்பதில் முடிந்த கடிதம். "போய்விட்டு வா அப்பா" என்றார் சீலபத்திரர்.

காமரூபத்தில் ஒரு மாதம் ராஜோபசாரம். அதற்குள் படையெடுப்பு முடிந்து திரும்பிய ஹர்ஷருக்குச் செய்தி எட்டியது. நான் கூப்பிட்டபோது வராதவர் அவனிடம் எப்படிப் போனார்? உடனே அனுப்பு. பாஸ்கரவர்மன் ரோஷக்காரன்: என் தலையைக் கேள் தருகிறேன், சுவாமியை அனுப்ப மாட்டேன். ஹர்ஷரிடமிருந்து வந்த பதில் சுருக்கமானது. தலையைத் தருவதாகச் சொன்னாயாமே, வந்திருக்கும் தூதனிடமே கொடுத்தனுப்பு.

அலங்காரமாகப் பேசுகிறவனை வார்த்தைக்கு வார்த்தை நம்புவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பாஸ்கரவர்மன் 20,000 யானை, 30,000 படகு (தள்ளுபடி, தள்ளுபடி) சகிதம் சுவாமியைக் கூட்டிக்கொண்டு கங்கையில் எதிரேறிப்போய் ஹர்ஷர் முன் நின்றான். ஹர்ஷர் காலைவரை காத்திருக்கவில்லை. ராத்திரியே தீவட்டிகளோடு கிளம்பினார். அவர் ஓர் அடி எடுத்துவைத்தால் ஒரு முழக்கம், அடுத்த அடிக்கு அடுத்த முழக்கம். இதற்கென்றே சில நூறு பேரிகைகள் கூட வந்தன. தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேர் என்று ஹுவேலி எழுதவில்லை.

"முன்பே கூப்பிட்டேனே, ஏன் வரவில்லை?"

"அப்போது பாடம் பாதியில் இருந்தது."

வட இந்தியச் சக்கரவர்த்தியிடம் சொன்ன சாக்கு இது. சக்கரவர்த்தி ஒப்புக்கொண்டார்.

ஊருக்குப் போகிறேன் என்று இவர் வாய் திறக்குமுன் கன்னோசியில் பெரிய வாதசபை கூட்டியாயிற்று. 643-ஆம் ஆண்டுத் தொடக்கம். 18 நாட்டு அரசர்கள், ஆயிரக்கணக்கில் பிக்குகள், பிராமணர்கள், சமணர்கள். ஊர்வலத்தில் ஹர்ஷர் இந்திரன் வேஷத்தில் சாமரம் வீச, பாஸ்கரவர்மன் பிரம்மா வேஷத்தில் குடைபிடித்தான். தலை தப்பிய சந்தோஷம் இருந்திருக்கும். யுவான் சுவாங் தன் வாதத்தை எழுதி வாசலில் தொங்கவிட்டார்: ஒரு வார்த்தை தப்பு என்று நிரூபித்தால் என் தலையைத் தருகிறேன். (அந்தச் சபையில் தலை கொஞ்சம் மலிவாகப் புழங்கியிருக்கிறது.) ஐந்தாம் நாள், எதிர்க்கட்சியார் இவரைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள் என்று சேதி வர, ஹர்ஷர் முரசறைவித்தார். சுவாமிமேல் கைவைத்தால் தலை போகும்; அவரை ஏசினால் நாக்கு போகும்; மற்றபடி கருத்துச் சொல்ல விரும்புகிறவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. 18 நாள் ஆயிற்று. முரசுக்குப் பிறகு எதிர்த்துப் பேச ஒருவரும் வரவில்லை. சீனத்துத் துறவி அமோக வெற்றி என்று வரலாறு சொல்கிறது. நான் என் நாக்கைக் காப்பாற்றிக்கொண்டு மேலே போகிறேன்.

"சரி, நான் கிளம்பட்டுமா?"

"இப்போதா? ஐந்து வருடத்துக்கொரு முறை பிரயாகையில் தானம் செய்கிறேன், இது ஆறாவது. அதைப் பார்க்காமல் போவதா?" எவ்வளவு நாள் நடக்கும் என்றால் 75 நாள்.

போனார். கங்கையும் யமுனையும் கூடும் மணலில் ஹர்ஷர் ஐந்து வருடக் கஜானாவை வாரிக் கொடுத்தார். புத்தருக்கு ஒரு நாள், சூரியனுக்கு ஒரு நாள், சிவனுக்கு ஒரு நாள். பிறகு பிக்குகள், பிராமணர்கள், சமணர்கள், அனாதைகள், ஏழைகள். கழுத்துமாலை, மகுடத்து மணி, கட்டியிருந்த பட்டு எல்லாம் போய், கடைசியில் தங்கை ராஜ்யஸ்ரீயிடம் ஒரு பழைய துணி வாங்கிக் கட்டிக்கொண்டு, பொருளைக் கட்டிக்காக்கும் கவலை ஒழிந்தது என்று ஆனந்தப்பட்டார். அந்த ஆனந்தம் அதிக நாள் நீடிக்கவில்லை. கூடியிருந்த அரசர்கள், தானம் வாங்கியவர்களிடம் போய்க் காசு கொடுத்து அந்த மாலையையும் மணியையும் பட்டையும் மீட்டு, மறுபடி ஹர்ஷரிடமே கொண்டுவந்து சமர்ப்பித்தார்கள்! இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நஷ்டமில்லை, அந்த அரசர்களைத் தவிர.

"கிளம்பட்டுமா?"

இன்னும் பத்து நாள் என்றார் ஹர்ஷர். பாஸ்கரவர்மன் ஒருபடி மேலே போய், என்னோடு இருந்தால் நூறு விகாரை கட்டித் தருகிறேன் என்றான். யுவான் சுவாங் இப்போது காவ்சாங் பாணியில் இறங்கவில்லை. பட்டினி கிடக்கிற வயசும் தாண்டிவிட்டது. சாஸ்திரத்தை எடுத்தார். ஒருவனுக்குத் தர்மம் போய்ச்சேராமல் தடுக்கிறவன் ஜன்மம் ஜன்மமாகக் கண்ணில்லாமல் பிறப்பான். எங்கள் ஊர் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பயமில்லையா?

இருந்தது.

எந்த வழி, கடல் வழியானால் கூட ஆள் அனுப்புகிறேன் என்றார் ஹர்ஷர். இல்லை, காவ்சாங் அரசருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்றார் இவர். இத்தனை ராஜாக்களிடம் பிய்த்துக்கொண்டு கிளம்பியவர் ஒரு பழைய வாக்குக்காகப் பனிமலையைத் தாண்டத் தயாரானார். அவர் இதைச் சொன்னபோது காவ்சாங் அரசர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த நாடும் இல்லை. 640-இல் தாங் படை அதை விழுங்கிவிட்டது.

பரிசுகள் குவிந்தன, எல்லாவற்றையும் மறுத்தார். பாஸ்கரவர்மன் கொடுத்த ஒரு மேலாடையை மட்டும் வாங்கிக்கொண்டார், மழைக்கு நல்லது என்பதால். ஹர்ஷர் விடவில்லை. சுவடி மூட்டைகளைச் சுமக்க வடநாட்டு அரசர் ஒருவரின் படையை ஏற்பாடு செய்து, ஒரு பெரிய யானையையும் வழிச்செலவுக்குப் பொன்னையும் அந்த அரசரிடம் ஒப்படைத்தார். ராஜாக்கள் கொஞ்ச தூரம் கூடவே வந்து அழுதார்கள். விடைபெற்றாயிற்று.

மூன்று நாள் கழித்துப் பின்னால் குதிரைச் சத்தம். ஹர்ஷர், பாஸ்கரவர்மன், இன்னொரு ராஜா, சில நூறு குதிரைவீரர்கள். என்ன ஆயிற்று, எதையாவது விட்டுவிட்டு வந்தேனா? ஒன்றுமில்லை, இன்னொரு தடவை வழியனுப்ப வந்தோம். படியிறங்கிச் செருப்பு மாட்டியபிறகு வாசலில் ஒரு மணிநேரம் பேசுகிற நம் வீட்டு வழக்கத்துக்கு இந்த அளவு ராஜ பரம்பரை உண்டு என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. வழியிலுள்ள நாடுகளுக்கெல்லாம் வெள்ளைத் துணியில் எழுதிச் செவ்வரக்கு முத்திரையிட்ட கடிதங்களோடு நான்கு அதிகாரிகளையும் கூட அனுப்பினார் ஹர்ஷர். அதற்கப்புறம்தான் உண்மையாகவே திரும்பிப் போனார்.

சிந்து நதியில் இவர் யானைமேல் ஜம்மென்று கடந்தார். சுவடிகள் படகில் வந்தன. நடு ஆற்றில் காற்றடித்துப் படகு ஆட, காவலுக்கு இருந்தவன் தண்ணீரில் விழுந்தான். அவனை இழுத்துப் போட்டார்கள்; 50 கட்டுச் சுவடியும் பூவிதைகளும் போயின. அக்கரையில் காத்திருந்த கபிச நாட்டு ராஜா முதலில் கேட்டது: "பூவிதை கொண்டுவந்தீர்களா? அதுதான். விதையோடு கடந்தால் இந்த ஆறு விடாது." தாவரச் சோதனைச் சாவடி. போன சுவடிகளில் சிலவற்றைத் திரும்பப் படியெடுக்க அங்கேயே 50 நாளுக்குமேல் தங்க வேண்டியதாயிற்று. பாமீரைத் தாண்டும்போது கொள்ளைக்காரர்கள் வர, கூட வந்த வியாபாரிகள் மலையேறித் தப்பினார்கள்; யானை மிரண்டு ஓடித் தண்ணீரில் விழுந்து செத்தது. ஹர்ஷரின் யானை எந்த நாட்டைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாமலே போய்விட்டது, பாவம்.

கோத்தானில் நின்று சீனப் பேரரசருக்குக் கடிதம் எழுதினார். அனுமதியில்லாமல் போனது நான்தான், யானை செத்துவிட்டது, சுமை இழுக்க வாகனமில்லை. ஏழெட்டு மாதம் கழித்துப் பதில்: உடனே வாரும். 645-இல் 20 குதிரைகளில் 657 நூல்களோடு சாங்கான் வந்து சேர்ந்தார். லுவோயாங்கில் தாய்சோங்கைப் பார்த்தபோது அவர் கேட்டது, போகும்போது ஏன் சொல்லிக்கொண்டு போகவில்லை என்றுதான். மனுவை நிராகரித்த சர்க்கார் கேட்கிற கேள்வி! இவர் பணிவாக மன்னிப்புக் கேட்டார். பேரரசருக்கும் இவரைப் பிடித்துப்போயிற்று. காவியைக் கழற்று, மந்திரியாகு என்றார். கொரியாவோடு சண்டைக்குப் போகிறேன், கூட வா என்றார். அதெல்லாம் முடியாது, மலைப்பக்கம் ஷாவோலின் மடத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார் இவர். தலைநகரிலேயே இரும் என்று உத்தரவு. அடுத்த பேரரசரிடமும் கேட்டார், அதே பதில்.

652-இல் போத்கயாவிலிருந்து தபால் வந்தது. பழைய சிநேகிதர்கள் ஞானப்பிரபரும் பிரக்ஞாதேவரும் எழுதியிருந்தார்கள். கூட இரண்டு வெள்ளைத் துணி. வழி தூரம், கொஞ்சமாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம் என்று ஒரு வரி. இவர் 654-இல் பதில் எழுதினார். சீலபத்திரர் காலமான செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஞானப்பிரபருக்கு எழுதியதில் அந்தத் துக்கம் நீளமாக இருக்கிறது. அதன் அடியிலேயே, சிந்துவில் ஒரு குதிரைச்சுமைச் சுவடி போயிற்று, பட்டியல் இணைத்திருக்கிறேன், ஆள் வரும்போது கொடுத்தனுப்பவும் என்று ஒரு குறிப்பு. பிரக்ஞாதேவர் ஹீனயானத்துக்காரர், கன்னோசியில் இவரோடு மோதியவர். அதற்காக இப்போது வருத்தம் தெரிவித்திருந்தார். வாதம் என்றால் சூடு இருக்கத்தான் செய்யும், அதெல்லாம் அன்றைக்கே மறந்தாயிற்று, இன்னும் மனசில் வைத்திருக்கலாமா என்று இவர் பெருந்தன்மையாக ஆரம்பிக்கிறார். கொஞ்சம் கீழே, இவ்வளவு படித்தவர் இன்னும் அந்தச் சின்ன வாகனத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீரே, எப்போது மகாயானத்துக்கு வரப்போகிறீர் என்று கன்னோசியில் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்கிறார்.